தண்டவாளம் இல்லாத புகையிரத நிலையம்

உத்தியோக நிமித்தம் செய்யும் பிரயாணம் ஒரு வகை. ஓய்வு நாடிச் செய்யும் பிரயாணம் இன்னொரு வகை. முன்னையதில் கடிகாரம் எம்மை இழுத்துச் செல்கின்றது. பின்னையதில் கால்கள் தாம் விரும்பிய திசையில் அழைத்துச் செல்கின்றன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மலேசியாவுக்குச் சென்றபோது இவ்விரண்டையும் ஒரே பிரயாணத்தில் அநுபவிக்கும் சந்தர்ப்பம் எமக்குக் கிட்டியது. கோலாலம்பூரில் ஐந்து நாள் கணக்காய்வுக் கருத்தரங்கு. அதன் பின்னர் மூன்று நாட்கள் எமக்கே சொந்தம்.

அம்மூன்று நாட்களையும் எங்கே கழிப்பது என்று நண்பர்கள் பலவாறு யோசனை கூறினர். லங்காவித் தீவின் கடற்கரையைப் பார்க்காமல் திரும்பினால் பாவம் என்றார் ஒருவர். நாம் தெரிந்தெடுத்ததோ பேராக் மாநிலத்தில் உள்ள ஒரு மீனவர் கிராமம். இன்று அதன் பெயர் கோலா செப்பெத்தாங். ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு 'போட் வெல்ட்' என்று பெயர். எம் பாட்டனார் அங்கேதான் புகையிரத நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தார்.

ஐந்து நாட்கள்

கட்டுநாயக்காவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேர ஆகாய விமானப் பயணம். விமான நிலையம் நகரிலிருந்து வெகு தூரத்தில் உள்ளது. எனினும் 57 கிலோமீற்றர் தூரத்தையும் துரித புகையிரதம் 28 நிமிடங்களில் கடந்து, நகரின் மத்திய நிலையத்தில் எம்மை இறக்கிவிட்டது.

அதன் பின் ஐந்து நாட்களும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. காலை எட்டரை மணிக்குக் குளிரூட்டிய மண்டபம். மாலை ஐந்தரை மணிக்கு விடுதலை. விடுதியின் சாளரத்தினூடாக 452 மீற்றர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்கள் தெரிந்தன. 88 மாடிகள் என்று எண்ணிக்கொண்டதோடு சரி. அருகே சென்று அண்ணாந்து பார்க்கவும் நேரம் கிடைக்கவில்லை. ஒரு நாட்டுக்குச் சென்று அதன் குளிரூட்டும் யந்திரத்தை மாத்திரம் அறிந்து திரும்புவோர் எத்தனை பேர்! ஐந்தாம் நாள் மாலை வரை நாமும் அவர்களுள் ஒருவராகவே இருந்தோம்.

வெள்ளிக்கிழமை மாலை கருத்தரங்கு முடிந்ததும் பிறிக்பீல்ட்ஸ் பகுதிக்கு நடந்தே சென்றோம். அங்கே ஸ்கொட் வீதியில் யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயில் உள்ளது. அதே பிறிக்பீல்ட்ஸில், இலங்கையிலிருந்து சென்ற சிங்கள மக்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய பௌத்த விகாரையும் இருக்கின்றது. ஒரு தீவை விட்டுப் புறப்பட்ட இரு சாராரும் ஒரே பகுதியிலேயே தத்தம் கோயில்களை அமைத்துக்கொண்டதைக் கண்டு சிறிது நேரம் சிந்தித்து நின்றோம்.

பூசை முடிந்தபின், திருநீறு துலங்கும் நெற்றியோடு ஒரு முதியவர் எம்மை அணுகி, "நீங்கள் ஊரிலிருந்து வந்தவர்களோ? எந்த ஊர்?" என்று விசாரித்தார். சுன்னாகம் என்றோம். அவருடைய தந்தையாரின் ஊர் உடுவில். அவரோ ஒருமுறையேனும் அவ்வூரைக் கண்டதில்லை. புகையிரதப் பகுதியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையாரும் அப்படியே.

புகையிரதம் என்றதும் எம் பாட்டனாரின் கதையைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்கள் அப்பப்பா மனைவியை இங்கே அழைக்கவில்லையோ?"

"இல்லை."

"எங்கள் ஐயா 1936ஆம் ஆண்டில் அம்மாவை அழைத்தார். நாங்கள் இங்கே பிறந்தோம், மலேசியர் ஆனோம். அழைக்காதவர்களின் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தவராகவே இருந்தீர்கள். உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் ஒரு கப்பல் சீட்டுத்தான், தம்பி."

அன்றிரவு விடுதிக்குத் திரும்பிய பின்னும் அச்சொற்கள் எம்மை விட்டு அகலவில்லை.

கடிதங்களில் மழை

இவ்விடத்தில் எம் குடும்பக் கதையைச் சிறிது கூறவேண்டும். பாட்டனார் 1919ஆம் ஆண்டில், தமது இருபத்திரண்டாம் வயதில், கப்பலேறி மலாயா சென்றார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர்களை மலாயாவின் புகையிரதப் பகுதியும் அரசாங்கக் கந்தோர்களும் விரும்பி ஏற்றுக்கொண்டன. பாட்டனாருக்கு இரண்டு தங்கைமார். ஈடு வைத்த காணி ஒன்று. வயது முதிர்ந்த தாய். தங்கைமாருக்குக் கலியாணம் நடந்தது; காணி மீட்கப்பட்டது; கல்வீடு எழுந்தது. யாவும் மணியோடரில் வந்த பணம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை லீவில் வந்து சில மாதங்கள் தங்கிப் போவார். மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகவில்லை.

எம் தந்தையார் பிறந்தது 1930இல். பாட்டனார் 1937இல் லீவில் வந்தபோது அவருக்கு ஏழு வயது. அடுத்த லீவு 1942இல் வந்திருக்க வேண்டும். ஆனால் 1941 டிசம்பர் 8ஆம் திகதி யப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது; 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின் மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக மணியோடரும் இல்லை, கடிதமும் இல்லை. 1946இல் பாட்டனார் சுன்னாகம் நிலையத்தில் இறங்கியபோது பதினாறு வயது மகன் அவரை அடையாளம் காணவில்லை. நிலையத்தில் நின்ற இன்னொருவரிடம் சென்று, "நீங்கள்தானோ எங்கடை ஐயா?" என்று கேட்டாராம். எம் வீட்டில் இது வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுவதுண்டு. தந்தையார் மட்டும் அதைச் சொன்னதில்லை. பிறர் சொல்லும்போது சிரித்ததும் இல்லை.

பாட்டியாருக்கு வேறொரு குறை. பாட்டனாரின் கடிதங்கள் மிகச் சுருக்கமானவை. நலம், நலமறிய ஆவல், பணம் இவ்வளவு, இங்கு மழை. இவ்வளவுதான். எல்லாக் கடிதங்களிலும் 'இங்கு மழை' என்ற இரண்டு சொற்கள் தவறாமல் இருக்கும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பாட்டியார் கூறுவாராம்: "இஞ்சை துலா மிதிக்க ஆளில்லை, அங்கை மழையாம்!"

1951இல் ஓய்வூதியம் பெற்றுப் பாட்டனார் ஊர் திரும்பினார். நாம் அறிந்த பாட்டனார் அதிகம் பேசாதவர். யாழ்தேவி ஊதிக்கொண்டு வரும் வேளையில் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார்; வண்டி பிந்தியிருந்தால் தலையை அசைப்பார். அவர் காலமானபோது எமக்குப் பத்து வயது. அந்நாட்டில் அவர் என்ன கண்டார், ஏன் தனியே இருந்தார் என்று எவரும் அவரிடம் கேட்டு வைக்கவில்லை.

தைப்பிங் நகர்

சனிக்கிழமை காலை மின்சாரப் புகையிரதம் ஏறினோம். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகம் வரை செல்லும் வண்டி. ஈப்போ நகரைக் கடந்ததும் சுண்ணாம்புக்கல் மலைகள் திடீர் திடீரென எழுந்து நின்றன. தைப்பிங்கை நெருங்கும்போது, 3 கிலோமீற்றருக்கும் மேலான நீளமுடைய பெராபிட் சுரங்கத்தினுள் வண்டி நுழைந்து வெளியேறியது. மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம்.

தைப்பிங் என்ற சீனச் சொல்லுக்கு நிரந்தர அமைதி என்று பொருள். பெயர் அமைதியாயினும் அதன் பிறப்பு அமைதியானதன்று. இப்பகுதியில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டதும் சீனத் தொழிலாளரின் இரு கூட்டத்தார் சுரங்கங்களுக்காக ஆண்டுக்கணக்கில் போரிட்டனர். 1874ஆம் ஆண்டில் பங்கோர் உடன்படிக்கையோடு போர் ஓய்ந்தது. அதன் பின்பே நகருக்கு இப்பெயர் வந்தது. 1937 வரை பேராக் மாநிலத்தின் தலைநகராகவும் இருந்தது.

ஈயம் தோண்டிய பள்ளங்களை அப்படியே விட்டுவிடாது, நீர் நிரப்பி, 1880ஆம் ஆண்டளவில் ஏரிப் பூங்காவாக மாற்றினர். கரையோரமாக நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் வீதிக்கு மேலாகக் கிளைகளை நீட்டி, மறுபக்கத்து நீரைத் தொடுகின்றன. நம் நாட்டுத் தெருவோரங்களில் மாரா என்று நாம் அழைக்கும் அதே மரம். ஏரிக்குப் பின்னே மேகம் மூடிய மலைத்தொடர் நிற்கின்றது.

மாலை மூன்று மணியளவில் அம்மேகம் இறங்கி வந்தது. நாம் ஒரு தேநீர்க் கடைக்குள் ஓடி ஒதுங்கினோம். பெய்தது மழை அன்று; வானம் கவிழ்ந்தது என்றே சொல்லவேண்டும். எதிர்ப்பக்கத்துக் கடை கண்ணுக்குத் தெரியவில்லை. கடைக்காரத் தமிழர் எம் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். மலேசியத் தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் நகரம் இதுதான் என்றும், ஆண்டுக்கு 4,000 மில்லிமீற்றர் அளவு பெய்யும் என்றும், இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று முற்காலத்தில் பணம் வைத்துப் பந்தயம் கட்டுவார்கள் என்றும் கூறினார். யாழ்ப்பாணத்தில் ஓராண்டில் பெய்யும் மழையைப்போல் மூன்று மடங்குக்கு அது கிட்டத்தட்டச் சமம்.

தேநீர் ஆறிப்போனது. பாட்டனார் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. நாள்தோறும் அவருடைய சாளரத்துக்கு வெளியே நிகழ்ந்த பெருஞ் சம்பவம் அதுதான். துலா மிதித்து நீரிறைக்கும் மண்ணில் பிறந்த ஒருவர், இப்படி நீர் கொட்டும் ஊரில் தனியே அமர்ந்து, மனைவிக்கு என்ன எழுதுவார்? தமக்கு எழுதத் தெரிந்ததை எழுதினார்.

போட் வெல்ட்

ஞாயிறு காலை வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். அரை மணி நேரப் பயணம். மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை இவ்விரு ஊர்களுக்கும் இடையேதான் போடப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே நோக்கம். நீளம் ஏறக்குறைய 8 மைல். 1885 யூன் 1ஆம் திகதி முதல் வண்டி ஓடியது. அப்போது குடியேற்ற நாடுகளின் தேசாதிபதியாக இருந்த சேர் பிரெடெரிக் வெல்ட் என்பவரின் பெயரே துறைமுகத்துக்குச் சூட்டப்பட்டது. இப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர் என்பதை நம் மாணவர்கள் குறித்துவைக்க வேண்டும். எழுதுவினைஞர் வருமுன்னரே மண்வெட்டியோடு வந்தவர்கள் அவர்கள்.

வழியில் மரக்கரிச் சூளைகளைக் கண்டோம். கவிழ்த்த பெரும் பானைகளைப் போன்ற செங்கற் சூளைகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றிலும் மாத்தாங் கண்டற்காடு, சுமார் 40,000 ஹெக்டேயர். மரங்களை ஒரே முறையில் அழித்துவிடாமல், ஒரு பகுதியை வெட்டினால் மீண்டும் நட்டு, அங்கு மரங்கள் 30 ஆண்டு வளர்ந்த பின்னரே மறுபடி வெட்டுகின்றனர். இம்முறை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. பட்டை உரித்த கட்டைகளைச் சூளையினுள் நிமிர்த்தி அடுக்கி, வாயிலில் நெருப்பு மூட்டி, பின்னர் மெல்ல மெல்ல வாயிலை அடைக்கின்றனர். எரித்து, ஆறவைத்து, கரியை வெளியே எடுக்க ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். உள்ளே என்ன நடக்கின்றது என்பதைப் புகையின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே வேலையாட்கள் அறிகின்றனர்.

ஊரை அடைந்தோம். ஆற்றின் இரு மருங்கிலும் கால்களின்மேல் நிற்கும் வீடுகள்; மீன்பிடி வள்ளங்கள்; மீன் உணவுக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். புகையிரத நிலையம் எங்கே என்று விசாரித்தோம். கடைகளுக்கு நடுவே ஓரிடத்தைக் காட்டினார்கள்.

நிலையம் இல்லை, தண்டவாளமும் இல்லை. பயணச்சீட்டு விற்ற சாளரத்தையும் ஊர்ப் பெயர்ப் பலகையையும் மாத்திரம் பாதுகாத்து வைத்திருக்கின்றனர். பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் ஊர்ப் பெயர். ஒரு சீனக் குடும்பத்தார் அதன் முன்னே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தனர்.

தண்டவாளம் இல்லாத நிலையம் எமக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதம் நின்றுபோனதும், தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் மறைந்து, பாதையே பற்றைக்காடாகிப் போனதையும் நாம் கண்டவர்கள். யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்தது 2014 அக்டோபரில். காங்கேசன்துறைக்கு வந்தது 2015 ஜனவரியில். அன்று தந்தையார் சுன்னாகம் நிலையத்துக்கு நடந்து சென்று, மேடையில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். நம் பாதை மீண்டது. பாட்டனாரின் பாதை மீளவில்லை.

எம் கைத்தொலைபேசியை எடுத்து ஊருக்குத் தொடர்பு கொண்டோம். முகம் பார்த்துப் பேசும் வசதி இப்போது இருக்கின்றதல்லவா? எண்பத்தெட்டு வயதுத் தந்தையார் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பலகைக்கு நேரே தொலைபேசியைப் பிடித்தோம். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிறு பிள்ளையைப் போல எழுத்துக் கூட்டி வாசித்தார். பின்னர் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, இதுதான் நான் முதன்முதல் எழுத்துக் கூட்டி வாசிச்ச பேர். ஐயாவின்ரை கடிதத்துப் பின்பக்கத்திலை இருக்கும். போட் எண்டால் வள்ளம்தானே? அது ஒரு கப்பலின்ரை பேர், ஐயா அந்தக் கப்பலிலைதான் இருக்கிறார் எண்டு நினைச்சிருந்தனான். கப்பல் எப்ப கரைக்கு வரும் எண்டு அம்மாவைக் கேப்பன். அவ பதில் சொல்லமாட்டா."

நாம் மறுமொழி கூறவில்லை. பயணச்சீட்டுச் சாளரத்தைக் காட்டினோம். பாட்டனார் இதற்குப் பின்னால் இருந்திருப்பார் என்றோம். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன இடம்," என்றார் முடிவில். "நான் பெரிய இடம் எண்டு நினைச்சிட்டன். பெரிய இடமொண்டைக் கண்டதாலைதான் எங்களை மறந்து இருந்தார் எண்டு நினைச்சிட்டன்."

அவ்வேளையில் தகரக் கூரைகளின்மேல் முதல் துளிகள் விழுந்தன. ஓசை அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"மழை பெய்யுதோ அங்கை?"

"பெய்கிறது, ஐயா," என்றோம்.

திரும்பும் வழியில்

அன்றிரவு மழை விட்ட பின், வள்ளத்தில் ஏறி ஆற்றில் மின்மினி பார்க்கச் சென்றோம். கரையோர மரங்களில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒளிர்ந்தும் அணைந்தும் கொண்டிருந்தன. வள்ளக்காரர் விளக்கை அணைத்துவிட்டார். எம்மோடு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கைகளை நீட்டிப் பிடிக்க முயன்றனர். பாட்டனாரும் இவற்றைக் கண்டிருப்பார். வேலை முடிந்த இரவுகளில் ஆற்றங்கரைக்கு வந்திருக்கக்கூடும். அருகே கைநீட்டிப் பிடிக்க ஒரு பிள்ளை இருந்திருந்தால் அதையும் கடிதத்தில் எழுதியிருப்பாரோ என்னவோ.

நாம் ஐந்து நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு கொண்டோம். அவருக்கு வாய்த்ததோ முப்பத்திரண்டு ஆண்டு உழைப்பும், இடையிடையே சில மாத லீவும்; அந்த லீவையும் ஊரிலேயே செலவிட்டார். மலாயாவைச் சுற்றிப் பார்க்க அவருக்கு என்றுமே ஒரு நாள் இருந்ததாக நாம் கேள்விப்படவில்லை. அவர் செய்த பிழை ஒன்றும் இல்லை என்று தீர்ப்பளிக்க நாம் யார்? ஒரு கப்பல் சீட்டு வாங்கியிருக்கலாம் என்று இன்றும் எம் மனம் சொல்கின்றது. ஆனால் அச்சீட்டின் விலை இரண்டு தங்கைமாரின் வாழ்வு என்று அவர் கணக்கிட்டிருந்தால், கணக்காய்வாளராகிய எம்மால் அக்கணக்கில் பிழை காட்ட முடியவில்லை.

ஊர் திரும்பியதும் தந்தையார் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, எஞ்சியிருந்த கடிதங்களை எம்மிடம் தந்தார். பதினொரு கடிதங்கள். பதினொன்றிலும் மழை. அவற்றை அவரே உரத்து வாசித்தார். 'இங்கு மழை' வந்த இடமெல்லாம் சிறிது நிறுத்தி, பின்னர் தொடர்ந்தார். 2021ஆம் ஆண்டில் தந்தையாரும் காலமானார். பெட்டி இப்போது எம் வீட்டில் இருக்கின்றது.

வாசகர்களே, நம் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய பெட்டிகள் உண்டு. மலாயா, சிங்கப்பூர் என்று முத்திரை குத்திய உறைகள் அவற்றில் கிடக்கும். மாணவர்கள் அடுத்த விடுமுறையில் அவற்றைத் திறந்து, வீட்டு முதியவர் அருகில் அமர்ந்து, ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்க்கட்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்கவேண்டிய கேள்விகள் அந்த உறைகளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.